கேட்காமல் போட்ட நல்லாசி

"நான் எப்பம்மா உங்களுக்கு ஆசி குடுத்தேன்?"

கடை போனில் அந்த அம்மா இப்படித்தான் கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. மறந்துபோன ஒன்றை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறவர் போலக் கேட்டார்.

நான் அருப்புக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக் என்று வருவதையெல்லாம் டைப் செய்து, லே-அவுட் போட்டு, ப்ரூஃப் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தேன். மகள் பிறந்தபோது நின்றுவிட்டு, அவளைப் பால்வாடியில் விட ஆரம்பித்த பிறகு திரும்ப வந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். உபயோகப்படாமலும் போகலாம்.

1. பஸ்ஸை விட்டு இறங்கியவள்

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. எல்லோரும் ஒரே நாவலாசிரியரின் வாசகிகள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதியதே போதும். இணையத்தில் அவர் எழுதிய ஒரு தொடர்கதை வருடக்கணக்கில் ஓடியது. அதன் நாயகி நிறைமதி. கடைசி அத்தியாயத்தில் அவள் புகுந்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு கிளம்பி, பஸ் ஏறி, எங்கோ ஓர் ஊரில் இறங்குவாள். அத்தோடு கதை முடிந்துவிடும். எந்த ஊர், யார் வீடு, சாப்பிட்டாளா, ஒன்றும் கிடையாது.

குழுவில் இதே புலம்பலாக இருந்தது. அப்போது பரளச்சியிலிருந்து பாண்டிச்செல்வி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், எங்கள் எல்லோருக்கும் இளையவள்.

"அந்தப் புள்ள எங்க ஊருக்கு ரோடு பிரியுற விலக்குலதான்க்கா எறங்குனா. நான் பாத்தேன். வெயிலு மண்டையப் பொளக்குது. கையில ஒரு தண்ணி பாட்டிலு கூட இல்ல."

எல்லோரும் சிரித்தோம். மறுநாள் அவள் அதையே கதையாக எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினாள். அதன் பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டோம். காரியாபட்டி டீச்சர் ஒருவர் நிறைமதியை மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஜவுளிக்கடை கேஷியராக்கினார். வீரசோழனில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரஹ்மத் அக்கா, அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சிநேகிதியைக் கொடுத்து நோன்புக் கஞ்சி குடிக்க வைத்தார். நான் அவளை ஸ்பின்னிங் மில்லில் சேர்த்தேன். நைட் ஷிப்ட் போட எனக்கு மனசு வரவில்லை. பகல் ஷிப்ட்தான் கொடுத்தேன்.

பாண்டிச்செல்வி எழுதிய நிறைமதிக்கு மட்டும் காது கேட்காத ஒரு பெண் குழந்தை இருந்தது. அது ஏன் என்று எங்களுக்குத் தெரியும். பாண்டியின் மகளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. தொடர் ஆரம்பித்த சமயத்தில் பிறந்ததால் அவளுக்கும் நிறைமதி என்றே பெயர் வைத்திருந்தாள். வீட்டில் மதி என்று கூப்பிடுவார்கள்.

மதிக்கு அரசுத் திட்டத்தில் மதுரையில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்திருந்தார்கள். வெளியே காதின் மேல் மாட்டுகிற மிஷினும் சேர்ந்து வேலை செய்தால்தான் கேட்கும். அந்த மிஷின் நின்றுவிட்டது. சரிசெய்ய முடியாது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தையல் வருமானத்துக்கும், அவள் வீட்டுக்காரர் ஓட்டும் லோடு ஆட்டோ வருமானத்துக்கும் அது எட்டாத விலை. கேட்டுக் கேட்டுத்தான் அந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்துகொண்டிருந்தது.

"இப்ப வாய மட்டும் அசைக்கிறாக்கா. சத்தம் வரமாட்டேங்குது" என்று பாண்டி சொன்னாள்.

என் மகளுக்கும் அதே வயது. அவள் அடுத்த அறையிலிருந்து 'அம்மா' என்று கத்தும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

குழுவில் நன்கொடை திரட்டலாம் என்றோம். பாண்டி ஒத்துக்கொள்ளவில்லை. "ஏற்கெனவே ஊருக்குள்ள செவிட்டுப் புள்ளன்னு பேரு. உண்டியல் புள்ளன்னு வேற வரணுமாக்கா?"

"அப்ப நம்ம கதையெல்லாம் சேத்து புக்கு போட்டு விப்போம்டி" என்றார் ரஹ்மத் அக்கா. "வாங்குறவுக கதைய வாங்குறாக. நீ ஒண்ணும் கையேந்தல."

பாண்டி யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

2. பத்திரிகையின் தலையில்

எங்கள் முதலாளியை அண்ணாச்சி என்போம். விஷயத்தைச் சொன்னதும், "பேப்பர் காசும் அச்சு பிளேட் காசும் குடுங்க. எனக்குக் கூலி வேணாம்" என்றார். நடுவில் பின் அடித்த சின்னப் புத்தகம், மல்டிகலர் அட்டை என்று முடிவானது. அட்டையை நான்தான் செய்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வேலையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் குலதெய்வத்துக்குக் கீழே, 'இன்னாரின் நல்லாசியுடன்' என்று பெரியவர்கள் பெயரைப் போடுவோம். பெயருக்குரியவரிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன பெரியப்பாவின் பெயர் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாவின் பெயர் இருக்கும். அவருக்குக் கல்யாணம் நடப்பதே வாட்ஸ்அப்பில் பத்திரிகை போன பிறகுதான் தெரியும். பெயர் விட்டுப்போனால்தான் வம்பு. பந்தியில் உட்காராமலே போய்விடுவார்கள்.

அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைக்கு, புத்தக அட்டையில் நாவலாசிரியரின் பெயரை விடுவது மரியாதைக் குறைவாகப் பட்டது. அட்டையின் தலையில் அவர் பெயரைப் போட்டு, 'அம்மா அவர்களின் நல்லாசியுடன்' என்று சேர்த்தேன். ப்ரூஃப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாமா?"

"எதுக்கு?"

"பேரப் போடுறோமே."

"ஏம்மா, எம்பேரு விட்டுப்போச்சுன்னு சண்டைக்கு வந்தவன எத்தன பேரப் பாத்துருக்கேன். ஏன் போட்டன்னு வந்தவன ஒருத்தனக் காட்டு. பிளேட்டுக்கு அனுப்பு தாயி."

அனுப்பினேன். அவருடைய நாயகியை வைத்துக் கதை எழுதியதற்கே அவரிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெயரைப் போடுவதைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

3. போன்

புத்தகம் நன்றாகவே விற்றது. திருச்சுழியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம், பேத்தியின் காதுகுத்துக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் போட ஒரு கட்டு வாங்கியது. "தேங்கா விக்கிற வெலைக்கு இதுதான் சல்லிசு" என்று சிரித்தார் அந்தக் கடைக்காரர். காரியாபட்டி டீச்சர் தன் பள்ளியில் விற்றார். அங்கே வாங்கிய ஆசிரியை ஒருவர் அட்டையைப் படம் எடுத்து, 'அம்மாவின் ஆசியோடு அடுத்த பாகம் வந்துவிட்டது, எல்லோரும் வாங்குங்கள்' என்று முகநூலில் போட்டார். நல்ல மனதோடுதான் போட்டார்.

நான்கு நாள் கூட ஆகியிருக்காது, கடைக்குப் போன் வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல அச்சக நம்பர் இருந்தது. அந்த நம்பரைப் பிடித்து அவரே பேசினார். நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார். நான் என்னென்னவோ சொன்னேன். பத்திரிகைப் பழக்கத்தைச் சொன்னேன். குழந்தையைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"கதை எழுதினீங்க, சரி. வாசகிகள் எழுதறது எனக்குப் புதுசில்ல. எனக்கே அனுப்புவாங்க, படிப்பேன். ஆனா இது விலை போட்டு வித்திருக்கு. மேல என் பேர் இருக்கு. இரண்டாம் பாகத்த நானே எழுதிட்டிருக்கேன்மா. பதிப்பகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நேத்து அங்கேருந்து கூப்பிட்டு, எங்களுக்குத் தர்றதா சொல்லிட்டு வெளிய குடுத்துட்டீங்களான்னு கேக்கறாங்க. நான் இல்லைன்னு சொன்னா, அப்ப இந்த ஆசி என்னன்னு கேக்கறாங்க. நான் என்னம்மா சொல்ல?"

"தெரியாமப் போட்டுட்டேன்மா."

"தெரியாமன்னா?"

மரியாதைக்குப் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மரியாதை என்றால் கேட்டிருக்க வேண்டாமா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம்.

"இனிமே விக்காதீங்க. வித்த காச நான் கேக்கல. மிச்சத்த நிறுத்திடுங்க. எனக்கு வேற வழி தெரியலம்மா" என்றார். வைத்துவிட்டார்.

4. கட்டுகள்

அன்றே குழுவில் சொன்னேன். அழுகை வந்ததால் டைப் செய்துதான் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். "முகூர்த்தத் தேதி மாறுனா பத்திரிகைல ஸ்டிக்கர் ஒட்டுறோம்ல? அந்த வரி மேல பூப் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிருவோம். ஆசி போயிரும். கத இருக்கும்."

பாண்டிதான் வேண்டாம் என்றாள். கடைக்கே மதியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை பைண்டிங் மிஷின் அடிக்கிற சத்தத்துக்குத் திரும்பவில்லை. தரை அதிர்வதை உணர்ந்து காலைப் பார்த்தாள்.

"வரிய மறச்சுரலாம் அண்ணாச்சி. புக்குக்குள்ள இருக்குறவ அவுக புள்ளதான? அவுக வேணாம்னுட்டாக. விடுங்க."

"பேர மாத்தி அடிப்போம்" என்றேன் நான். "நிறைமதிய வேற பேராக்கிருவோம். ஃபைல் இருக்கு. ஒரு நிமிஷத்துல எல்லா எடத்துலயும் மாத்திரலாம்."

"மாத்திட்டு? பஸ்ஸ விட்டு எறங்குனவ யாருன்னு படிக்கிறவுகளுக்குத் தெரியாதாக்கா? நமக்குத் தெரியாதா?"

பாதிக்கு மேல் விற்றிருந்தது. ஆனாலும் மிஷினுக்குப் போதாது. மிச்சம் கட்டுக் கட்டாகக் கடை மச்சில் ஏறியது.

வாங்கியவர்களிடம், ஆசி நாங்களாகப் போட்டது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். திருச்சுழிக்கு நானும் பாண்டியும் போனோம். காசைத் திருப்பித் தரவா என்று கேட்டதும் பாத்திரக்கடைக்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. "அட போங்கத்தா. அட்டைய எவன் படிச்சான்? புள்ள காதுக்குன்னு குடுத்தோம்." முகநூலில் போட்ட ஆசிரியை வேறு மாதிரி. "அவங்க எழுதினதுன்னு நெனச்சுத்தான் எங்கம்மாவுக்கும் ஒண்ணு வாங்கினேன்" என்று இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தார். பதிவையும் எடுத்துவிட்டார். பணத்தைக் கொடுத்தோம். அவர் செய்தது சரிதான்.

இப்போது யார் பத்திரிகைக்கு மேட்டர் கொண்டுவந்தாலும், நல்லாசி வரியில் இருப்பவர்களிடம் கேட்டாச்சா என்று விசாரிக்கிறேன். பலருக்கு எரிச்சல். பந்தல்குடியிலிருந்து வந்த ஒருவர், "ஏம்மா, செத்துப்போன தாத்தா பேரையும் கேட்டுத்தான் போடணுமா?" என்றார். ஆனாலும் கேட்கிறேன். ஒருவர் பெயருக்குக் கீழே நாம் போடும் சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் நான் கற்றுக்கொண்டது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை ஃபைலைத் திறக்கும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். போன வாரம் அந்த அம்மாவிடமிருந்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கடைக்குப் பேசி நம்பர் வாங்கியிருக்கிறார்.

'இரண்டாம் பாகம் முடித்துவிட்டேன். அன்று கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று இருக்கிறது. குழந்தை எப்படி இருக்கிறாள்? கேட்கிறதா?'

கேட்கவில்லை. மிஷின் இன்னும் வாங்கவில்லை. பாண்டி ராவும் பகலும் தைக்கிறாள். மதியை மதுரைக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டாள். காது கேட்காமல் என்ன பயிற்சி.

உள்ளதை அப்படியே எழுத உட்கார்ந்தேன். பாண்டி தடுத்துவிட்டாள். "நெசத்தச் சொன்னா, 'சரி, மிச்சத்த வித்துக்கங்க'ன்னு அவுக சொல்லித்தான் ஆகணும். மாட்டேன்னு சொல்ல முடியாத ஆளுகிட்டப் போயி கேக்குறது கேக்குறதாக்கா? அதுக்கு நீங்க அன்னைக்கிக் கேக்காமப் போட்டதே தேவல."

அண்ணாச்சி, "கேட்டவுகளுக்குப் பதில் சொல்றதுதான மரியாத? சொல்லிரு தாயி" என்கிறார். என் வீட்டுக்காரர், "பொய் மட்டும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். 'நல்லா இருக்கா' என்று எழுதி, அழித்துவிட்டேன். அது பொய். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும், அவர் கேட்டதை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். ஒரு தாயாக யோசித்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது என் குழந்தை இல்லையே. மறுக்கும் உரிமை பாண்டிக்குத்தானே இருக்கிறது?

பாண்டியிடம் கேட்டு, பெயர்களையும் ஊர்களையும் மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். இதை வாசிக்கிறவர்களில் கதை எழுதுகிறவர்கள் இருப்பீர்கள். காது கேட்காத பிள்ளையை வளர்த்தவர்களும் இருக்கலாம். அவர் மெசேஜ் அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. நான் என்ன பதில் எழுதட்டும்? நீங்கள் அந்த அம்மாவாக இருந்தால், உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்களா, சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நினைப்பீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.