இயந்திரத்துக்குத் தெரியாத முகம்

கண்ணாடி பாட்டில் ஆலையில் பதினேழு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. வெள்ளை விளக்குக்கு எதிரே உட்கார்ந்து, பெல்ட்டில் நகர்ந்து வரும் பாட்டில்களில் மயிரிழை விரிசலோ காற்றுக் குமிழியோ தென்பட்டால் எடுத்து ஒதுக்குவது. எதுவும் தப்பாது என்பதால் ‘கழுகக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கண்ணுக்கும் தன் வயிற்றுக்குள் இருந்தது தெரியவில்லை. ஒரு மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேனில் ஈரலில் எலுமிச்சை அளவு கட்டி. புற்றுநோய்தான் என்று வீடே சாப்பாட்டை மறந்து கிடந்தது. ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, “புத்து இல்லை. அழற்சி. சதை வீங்கித் திரண்டு கட்டியா நிக்குது” என்றார். காலையில் எட்டு ஸ்டீராய்டு மாத்திரை.

இரண்டே மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியது. பதிலுக்குத் தூக்கம் போயிற்று, சர்க்கரை ஏறிற்று, கன்னங்கள் உப்பி முகம் முழுவட்டமாயிற்று.

“என்ன அண்ணி, எங்கண்ணன் உழைப்பெல்லாம் உங்க கன்னத்துக்கே போயிடுச்சு போல” என்றாள் நாத்தனார்.

“கிள்ளிப் பாரு, உனக்கும் கொஞ்சம் கெடைக்கும்.”

வீட்டுக் கேலியைச் சமாளித்துவிடலாம். ஆலை வாசலில் புதிதாக மாட்டிய வருகைப்பதிவு இயந்திரத்திடம் என்ன பேசுவது? அதற்குள் ஏற்றியிருந்தது பழைய அடையாள அட்டைப் படம்; இந்த முகத்தைக் காட்டினால் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“எனக்குத் தெரியுதுக்கா, அதுக்குத் தெரியலையே” என்று காவலாளி தலையைச் சொறிந்தார்.

உள்ளே விட்டார்கள், வேலையும் வாங்கிக்கொண்டார்கள். பச்சை விளக்கு எரியாத நாளுக்கெல்லாம் ‘வரவில்லை’ என்று எழுதினார்கள். மேற்பார்வையாளர் ஒரு படி மேலே போனார். “ஈரலும் வீங்கி மூஞ்சியும் வீங்கினா என்னம்மா அர்த்தம்? வீட்டுல ஏதாச்சும் ஊத்திக்கிறியா?” மதுவின் வாசனையே ஆகாதவரிடம் இந்தக் கேள்வி. ஈரல் என்றாலே குடி என்று தீர்ப்பெழுதும் மூளைக்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

பணியாளர் அதிகாரி கெடு வைத்தார். “மாசக் கடைசிக்குள்ள மிஷின் ஏத்துக்கலைன்னா பேரை எடுத்துடுவோம். முகத்தைச் சரி பண்ணிட்டு வாங்க.” கசங்கிய சட்டையைத் தேய்த்துவரச் சொல்வதுபோலச் சொன்னார்.

முகத்தைக் கெடுத்தது மாத்திரை. நிறுத்தினால் முகம் திரும்பிவிடும். பழுதான பாட்டிலை ஒதுக்குவதுபோல, யாரிடமும் சொல்லாமல் மாத்திரை அட்டையைத் தையல் பெட்டிக்குள் ஒதுக்கினார் கழுகக்கா. நாலாம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் பெல்ட்டில் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் எதை எடுப்பது என்று யோசிக்கும்போதே முக்காலியிலிருந்து சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது கையில் சொட்டுமருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளா மாத்திரை போடலை?” டாக்டரம்மா கேட்டார்.

“அஞ்சு நாளா.”

“வெளியிலேர்ந்து வருதேன்னு உங்க உடம்பு தானாச் சுரக்கிறதை நிறுத்திடுச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாத்தான் மறுபடி சுரக்கும். ஒரேயடியா விட்டா ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போயிடும். இதைச் சொன்னாங்களா உங்ககிட்ட?”

“தவறாமப் போடணும்னு சொன்னாங்கம்மா. விட்டா என்ன ஆகும்னு யாரும் சொல்லலை.”

டாக்டரம்மா சொட்டுமருந்தைச் சரிபார்த்தார். “அது எங்க தப்பு” என்றார். “முகம் வடிஞ்சிடும். ஆனா ஆறேழு மாசம் ஆகும்.”

பள்ளி வேன் ஓட்டும் கணவர் கால்மாட்டில் நின்றிருந்தார். “அந்த மிஷினைக் கழட்டிட்டு என்னை வாசல்ல நட்டுவைக்கச் சொல்லு. நீ யாருன்னு நான் சொல்றேன்” என்றார். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பார்க்க வந்த காவலாளி இன்னொரு சேதி சொன்னார்: “உங்களை மட்டுமில்லக்கா. இன்னும் மூணு பேரை அது தெரியாதுங்குது.”

இரண்டு வாரம் கழித்து, டாக்டரம்மாவின் கடிதத்தோடு அதிகாரியின் அறைக்குள் போனார் கழுகக்கா.

“முகம் வடிஞ்ச பிறகு வாங்களேன்” என்றார் அதிகாரி.

“வடிய வைக்கப் போய்த்தான் சார் சாகக் கெடந்தேன். இனிமே டாக்டரம்மா சொல்ற மாதிரிதான் மாத்திரை குறையும். மாசத்துக்கு ஒரு மூஞ்சி வரும். மாசத்துக்கு ஒரு படம் நீங்கதான் எடுக்கணும். வேலை பாத்த நாளையெல்லாம் வேலை பாத்ததாவே எழுதணும்.”

“ஒருத்தருக்காக விதியை மாத்த முடியுமாம்மா?”

கழுகக்கா கதவைத் திறந்தார். உலைச் சூட்டில் கன்னம் வெந்த தொழிலாளி, பல்லெல்லாம் பிடுங்கிய அம்மா, தாடை எலும்பு உடைந்து கம்பி கட்டியவர் மூவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒருத்தர் இல்லை சார்.”

அதிகாரி கடிதத்தை மறுபடி படித்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு கேமராவைத் தன் பக்கம் இழுத்தார்.

“நேராப் பாருங்க. சிரிக்காதீங்க.”

“நான் சிரிக்கலை சார். இப்போதைக்கு இதுதான் மூஞ்சி.”