எலுமிச்சம்பழம் செருகிய விரல்

என் மகளுக்கு ஒன்றரை வயதாகிறது. எதைப் பார்த்தாலும் விரலை நீட்டி, "அது, அது" என்கிற பருவம். போன வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டுப் புறவாசலில், பீர்க்கங்கொடிக்கு முன்னால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பிஞ்சைப் பார்த்து அவள் விரலை நீட்டினாள். நான் சட்டென்று அந்தக் குட்டி விரலை என் கைக்குள் பொத்திக்கொண்டேன். பள்ளிப் படிப்பை முழுசாக முடித்தவள் நான். விரல் நீட்டுவதால் எந்தப் பிஞ்சும் அழுகுவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் பொத்தினேன், பொத்தியது தப்போ, குழந்தை பயந்திருக்குமோ, இனிமேல் எதையும் கேட்கத் தயங்குவாளோ என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்ததில் மிஞ்சியது எங்கள் தோட்டத்துப் பூசணிக்கொடியின் ஞாபகம்தான்.

தென்காசிக்கும் பண்பொழிக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீடு என்பதைவிட, தோட்டத்துக்குள் ஒரு ஓரமாக நாங்கள் குடியிருந்தோம் என்று சொல்லலாம். பங்குனி பிறந்துவிட்டால் அங்கே யாருக்கும் உட்கார நேரம் இராது. உலுக்கிய புளி முற்றத்தில் மலையாகக் குவிந்திருக்கும். வேப்பம்பூ உதிர்ந்து கிடக்கும். அதைக் கூட்டியெடுத்துச் சுளகில் பரப்புவது என் வேலை. அப்பா விடியுமுன்னே கமலை கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பார். வயலும் கிணறும் மாடும் அப்பாவுடையவை. அம்மாவுக்கென்று இருந்தது தொழுவத்துக்குப் பின்னால் எருக்குழி ஓரத்தில் படர்ந்த அந்த ஒரு பூசணிக்கொடி.

விதை அத்தை கொடுத்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா, சுரண்டையில் வாழ்க்கைப்பட்டவள். விதை கொடுத்த வீட்டுக்கு முதல் காய் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு முந்தைய வருடமும் அத்தை விதை கொடுத்தாள், அந்த வருடம் கொடியை மாடு மேய்ந்துவிட்டது. "ஒங்க அம்மா கைக்கு ராசி கெடையாது" என்று அத்தை என்னிடமே சொல்லியிருக்கிறாள். அதனால் இந்தத் தடவை அம்மா நாலு பக்கமும் முள் வெட்டிப் போட்டு அந்தக் கொடியைக் காத்தாள். காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுகிறாளோ இல்லையோ, கொடியைப் போய்ப் பார்ப்பாள்.

அணா போய்ப் புதுக்காசு வந்த வருடம் அது. எனக்கு எட்டு வயது. முழங்கால் வலிக்குத் தென்காசியில் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக்கொள்ள அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். "சனமெல்லாம் சாரல் விழும்போது குத்தாலத்துக்கு வருது. பாறை காஞ்சி கெடக்கும்போது வந்தவ நான் ஒருத்திதான்" என்று சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கியது இன்னும் காதில் இருக்கிறது.

அத்தை வந்த அன்று கொடியில் பிஞ்சு பிடித்திருந்தது. அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் நான் ஓடிப்போய், இலைகளை விலக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழு இருந்தன. ஏழையும் சுட்டுவிரலை நீட்டித்தான் எண்ணினேன் என்பது எண்ணி முடித்த பிறகே உறைத்தது.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயமல்ல. பூசணி, சுரை, பீர்க்கு எதுவானாலும் பிஞ்சுக்கு நேரே விரல் நீட்டக் கூடாது. நீட்டினால் அழுகி விழுந்துவிடும். காட்டியே ஆக வேண்டுமானால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். எங்கள் வாத்தியார்கூட அப்படித்தான் காட்டுவார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. அவசரமாக விரலை மடக்கி, ஏழையும் இன்னொரு தடவை முட்டியால் எண்ணிவைத்தேன். முன்னால் எண்ணியது அதில் அடிபட்டுப் போகும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலாம் நாள் இரண்டு பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. ஒரு வாரத்தில் ஏழும் போயின. புதிதாக விட்டவையும் கோலிக்காய் அளவு வருமுன்னே வெம்பி உதிர்ந்தன. அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு எருக்குழியில் போடுவாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

சொல்வதற்குத்தான் அத்தை இருந்தாளே. "யாரோ கை நீட்டிட்டாக. இல்லேன்னா இப்படி ஆகாது. என் வித மேல குத்தம் கெடையாது, சுரண்டையில ஒவ்வொரு காயும் ஒரு ஆள் சொம இருக்கும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நீட்டியது ஏழுக்கு மட்டும்தானே, பிறகு வந்த பிஞ்சும் ஏன் விழுகிறது? அப்படியானால் குற்றம் விரலிலேயே இறங்கிவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த விரலை நான் மாம்பிஞ்சுக்கும் நீட்டியிருக்கிறேன், சினைப்பசுவின் வயிற்றுக்கும் நீட்டியிருக்கிறேன். இனி எதற்கும் அது நீளாமல் பார்த்துக்கொள்வதே வழி. விரல் நுனியில் நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிடுவார்கள் அல்லவா? நானும் மரத்திலிருந்து ஒரு பழம் பறித்து, ஈர்க்கால் குடைந்து, சுட்டுவிரலில் செருகிக்கொண்டேன். கேட்டவர்களிடமெல்லாம் நகச்சுற்று என்றேன். பழம் இருக்கும்வரை விரலை நீட்டினாலும் அது விரல் ஆகாது, பழம்தான் என்பது என் கணக்கு. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் எழுத்து வேலை இல்லாமல் போனதை ஒரு லாபமாக நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

இதற்கு நடுவே, அத்தை வந்த மறுநாளிலிருந்தே எனக்குக் காலையில் இன்னொரு வேலையும் இருந்தது. அத்தைக்குப் பூசணிப்பூ என்றால் உயிர். பூவை அரிந்து பருப்பு வடை மாவில் போட்டுத் தட்டினால், எட்டு வடை தின்றுவிட்டு, "முழங்காலுக்கு எண்ணப் பலகாரம் ஆகாதுன்னு வைத்தியர் சொன்னாரு, வயித்துக்குச் சொல்லல" என்பாள். பூசணியில் பிஞ்சோடு வருகிற பூவும் உண்டு, வெறும் காம்பில் வருகிற பொய்ப்பூவும் உண்டு. "பொய்ப்பூ காய்க்கவா போகுது? கொடிக்கு அது பாரம்ட்டி. ஒண்ணு விடாம பறிச்சிட்டு வா" என்று அத்தை விடிந்ததும் ஓலைப்பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவாள். நான் புறப்படும்போது அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, அத்தைக்குக் கேட்காத குரலில், "நாலு பூவ மறந்துட்டு வா" என்பாள்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை என்று பெயர் வாங்கியவள் நான். மறப்பது எப்படி? தெரிந்தே விட்டால் அது மறதியா? பூவை விட்டுவிட்டு மறந்துபோனேன் என்று சொன்னால் பொய்யாகாதா? ஏற்கெனவே ஒரு குற்றம் செய்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. பழம் செருகிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களால் ஒன்று விடாமல் பறித்துவந்தேன். அம்மா பெட்டியை எட்டிப்பார்த்துவிட்டு, "மறக்கவே மாட்டியாட்டி நீ" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அத்தை என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். "பழம் காஞ்சிபோச்சு பாரு. சுண்ணாம்பும் மஞ்சளும் கொழைச்சு வச்சா ஒரே நாள்ல ஒடஞ்சிரும். காட்டு" என்று நான் இழுக்க இழுக்க விடாமல் பழத்தைக் கழற்றினாள். உள்ளே விரல், புளிப்பில் ஊறிச் சுருங்கியிருந்ததைத் தவிர, முழுசாக இருந்தது.

"ஏட்டி, நகச்சுத்து எங்கன?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு பிஞ்சையும் எண்ணியது, முட்டியால் திருப்பி எண்ணியது, மாம்பிஞ்சு, பசுவின் வயிறு எல்லாம் வரிசையாகக் கொட்டிவிட்டேன். அத்தை வாயில் விரல் வைத்தாள். "அடி மூதி, நீதானா? அதான பாத்தேன். பச்சப்பிள்ளக் கை பொல்லாத கையாச்சே."

அம்மா அப்போது புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். கல்லைக் கீழே வைத்தாள்.

"அவ இல்ல மைனி. நாந்தான்."

"நீயா?"

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள். எருவு கொண்டாந்தவகிட்ட காட்டும்போது மறந்தாப்ல விரல நீட்டிட்டேன். இவ எண்ணுனது அதுக்குப் பெறவுதான். முன்னமே கெட்டுப்போன பிஞ்சு இவ எண்ணுனா மட்டும் புதுசா கெடவா போகுது?"

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டாங்கிளாசு படிச்ச பொண்ணுன்னு தேடிப்பிடிச்சுக் கட்டிட்டு வந்தோம். விரல மடக்கத் தெரியல. நல்லாருக்கு."

"தப்புதான் மைனி" என்றாள் அம்மா.

எனக்கு முதுகில் இருந்த மூட்டை இறங்கியது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த நிமிடமே நியாயம் கேட்கிற குணம் வந்துவிட்டது. இத்தனை நாள் சோறு இல்லாமல் நான் கிடந்தது யாரால்? நேரே எலுமிச்சை மரத்துக்குப் போய் ஒரு புதுப் பழமாகப் பார்த்துப் பறித்து, குடைந்து, அம்மாவிடம் கொண்டுபோய், "விரல நீட்டு" என்றேன். அம்மா மறுக்கவில்லை. நீட்டினாள். நானே செருகிவிட்டேன். "அத்தை ஊருக்குப் போறவரைக்கும் எடுக்கக் கூடாது. பிஞ்சுன்னா மடக்கணும்னு இவ்வளவு பெரிய ஆளுக்குத் தெரியாதா?" என்று வாத்தியார் தோரணையில் கேட்டேன். "இனிமே மடக்கிக்கிடுதேன்" என்றாள் அம்மா.

மாவாட்டும்போதும் தண்ணீர் சேந்தும்போதும் அந்தப் பழம் அவள் விரலில் இருந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒனக்குமா நகச்சுத்து? இந்த வீட்டுல எல்லாருக்கும் வரிசையா வருதே" என்றார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எலுமிச்சம்பழம் நெறையக் காய்ச்சிருக்குல்லா" என்றாள். அத்தை சிரித்துப் புரையேறி, தலையைத் தட்டிக்கொண்டாள்.

நாலு நாளில் அத்தை சுரண்டைக்குத் திரும்பினாள். பூ பறிக்கப் போகச்சொல்ல ஆள் இல்லை. கொடி முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, வண்டு மொய்த்துக் கிடந்தது. பத்து நாளில் மூன்று பிஞ்சு முஷ்டி அளவுக்கு நின்றுவிட்டது. பழத்தின் மகிமை என்று நான் பள்ளிக்கூடத்தில் பரப்பினேன்.

தென்காசியில் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு, ஒரு நாள் டீச்சர் கரும்பலகையில் பூசணிப்பூ இரண்டு வகையையும் வரைந்து, ஒன்றின் பொடி வண்டின் காலில் ஒட்டிக்கொண்டு மற்றதற்குப் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு தங்காது என்று விளக்கினார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னேன். வண்டின் கால் சங்கதியெல்லாம் தனக்குத் தெரியாது என்றாள். "ஆனா எல்லாப் பூவையும் பறிச்சா காய் நிக்காதுன்னு தெரியும். எங்க வீட்டுலயும் கொடி கெடந்துச்சே."

"அப்போ அத்தைகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"நொண்டிக்கிட்டு வந்தவ ஆசைப்பட்டுத் திங்கா. நீங்க தின்னுதான் காய் போச்சுன்னு எப்படிச் சொல்ல?"

"நீ நெசமாவே விரல் நீட்டுனியா?"

அம்மா விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள். "யாராவது ஒருத்தர் நீட்டித்தான இருக்கணும்" என்றாள்.

இந்தப் பேச்சு நடந்தது ஆறு வருடம் கழித்து. கொடி காய்த்த அந்த வருடச் சித்திரையிலோ, முதல் காயைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் சுரண்டைக்குப் பஸ் ஏறினோம். அத்தை வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் காயைப் பார்க்கக் கூடினார்கள். "தம்பி பொண்டாட்டி விரலக் கட்டிப்போட்ட பெறவுதான் காச்சுது" என்று அத்தை ஆரம்பித்தாள். மிச்சத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். அம்மா எப்படி விரல் நீட்டினாள், நான் எப்படிப் பழம் குடைந்தேன், எப்படிச் செருகினேன் என்று நடித்தே காட்டினேன். வீடே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. தப்புச் செய்துவிட்டு இப்படியா சிரிப்பது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.