முப்பத்தி நாலு மூட்டை நேரம்

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமிக்கு ஞாபக மறதின்னு யாராவது சொன்னா, சொன்னவன் வாயிலயே போடுவேன். பினாங்கு துறைமுகத்துல பதினெட்டு வருசம் அரிசி மூட்டை எண்ணுன மனுசன் அவரு. ரங்கூன் கப்பல் சரக்கு தொங்கான் படகுல வந்து எறங்கும். ஆளுங்க முதுகுல சொமந்துக்கிட்டு வரிசையா கிட்டங்கிக்குள்ள போவாங்க. வாசல்ல இவரு நிப்பாரு. அப்பல்லாம் போன மாசி மாசம் எந்தத் தொங்கான்ல எத்தன மூட்டை கிழிஞ்சு வந்துச்சுன்னு கேட்டா, வெத்தலைய மென்னுக்கிட்டே சொல்லுவாரு. அப்படி ஒரு மண்டை. எங்க குடியக் கெடுத்ததும் அந்த மண்டைதான்.

எண்ணுற விதத்தை மொதல்ல சொல்லிடறேன். ஷேக் அலாவுதீன்னு ஒருத்தர், வெண்கலத் தொண்டை. மூட்டைக்கு மூட்டை அவரு கூவுவாரு. மொத மூட்டைக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, 'லாபம்'பாங்க. அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஓடும். இவரு வாயத் தொறக்காம, மூட்டைக்கு ஒரு தடவ தலைய ஆட்டுவாரு. நூறு ஆனா சுவத்துல ஒரு சுண்ணாம்புக் கோடு. நடுவுல இடியே விழுந்தாலும் திரும்ப மாட்டாரு. ஒண்ணு தப்பினா அத்தனையும் மறுபடி எறக்கி எண்ணணும்ல. அதனால கோடு போடுற வரைக்கும் யாரும் அவருகிட்ட பேச்சுக் கொடுக்க மாட்டாங்க. துறைமுகத்துக்கே தெரிஞ்ச விசயம். அவரு தங்கச்சி அஞ்சலைக்குத்தான் தெரியல.

அஞ்சலை ஊர்லேருந்து வாக்கப்பட்டு வந்து ஒரு வருசம்கூட ஆகல. சுங்கை பினாங்ல எங்களுக்குப் பக்கத்து அறையில குடித்தனம். தாய் தகப்பன் இல்லாத பொண்ணு, தாய்வீடுன்னா நாங்கதான். புருசன் காத்தமுத்து, குடிச்சா கை நீளும். ஒரு நாள் என் வீட்டுக்காரர் தட்டிக் கேக்கப் போயி, மச்சானும் மச்சானும் மூஞ்சில முழிக்கிறதில்லன்னு ஆயிடுச்சு. அந்த ரோசத்துலதான் ஆடி மாசம் ஒரு காலையில, யாரோ ஒரு கங்காணி பின்னால, அவளையும் கூட்டிக்கிட்டு, எதிர்த்தாப்ல அக்கரையில இருக்கிற ஒரு தோட்டத்துக்குக் கெளம்பிட்டான். எந்தத் தோட்டம்னு எங்ககிட்ட மூச்சு விடல, படுபாவி.

ஸ்டீமர் ஏறுற எடத்துல அவன் தள்ளி நின்னுக்கிட்டான். அஞ்சலை மட்டும் அண்ணன்கிட்ட ஓடியாந்தா. இவரு எண்ணிக்கிட்டிருந்தாரு. 'அண்ணே'ன்னு அவ கூப்பிட்டது மட்டும் தெரிஞ்சுதாம். அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா. இவரு மூட்டையப் பாத்துத் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. கண்ணத் தொடச்சா, சிரிச்சா, கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போயிட்டா. நாலாவது கோடு போட்டுட்டு இவரு திரும்பிப் பாக்கையில ஸ்டீமர் பாதிக் கடல் தாண்டிடுச்சு.

சாயங்காலம் வந்து சட்டையக் கூடக் கழட்டாம உக்காந்தாரு. "ஜெயலெட்சுமி, அவ வந்தப்ப முன்னூத்திப் பன்னெண்டு. போனப்ப முன்னூத்தி நாப்பத்தாறு. முப்பத்தி நாலு மூட்டை நேரம் பேசியிருக்கா. ஒரு வார்த்த மண்டையில நிக்கலடி"ன்னாரு.

எனக்கு வந்துச்சே கோவம்! "மூக்குல ஈ ஒக்காந்தாத் தெரியுது, கூடப்பொறந்தவ பேசினது தெரியலயா? காது என்ன ஊருக்குப் போயிருந்துச்சா?"ன்னு கத்தினேன்.

"காதுக்கு வந்துச்சு புள்ள. மனசு மூட்டையில இருந்துச்சு"ன்னாரு.

கூவுன சத்தத்துல அலாவுதீன் அண்ணன் காதுலயும் அவ பேச்சு விழல. மறுநாள் அவருதான் ஒரு யோசனை சொன்னாரு. அதே எடத்துல அதே மாதிரி நின்னுப் பாரு, நான் முன்னூத்திப் பன்னெண்டுலேருந்து கூவுறேன், எண்ணிக்கையோட ஒட்டிக்கிட்டு அவ பேச்சும் வந்தாலும் வரும்னாரு. மூட்டையே இல்லாத வெத்து வாசல்ல ஒருத்தர் கூவ, ஒருத்தர் கண்ண மூடித் தலையாட்ட, சீனன் மலாய்க்காரன்லாம் நின்னு வேடிக்கை பாத்தாங்க. முன்னூத்தி இருபதாவது மூட்டை ஓரம் நனைஞ்சிருந்தது ஞாபகம் வந்துச்சு. முன்னூத்தி முப்பத்தி ரெண்டாவது மூட்டைய சொமந்த ஆள் நொண்டினது வந்துச்சு. அஞ்சலை வரல. உள்ள போகாதது எப்படி வெளிய வரும்?

அப்புறம் ஞாயித்துக்கெழமை தவறாம அக்கரைக்குப் போனாரு. தோட்டம் தோட்டமா, கூலியாளுங்க குடியிருக்கிற லயம் லயமா, 'காத்தமுத்து பெஞ்சாதி அஞ்சலை'ன்னு கேட்டாரு. எத்தன காத்தமுத்து, எத்தன அஞ்சலை! தீபாவளிக்கு முந்தின வாரம் தாசேக் கெலுகோர் பாசார் கடைத்தெரு வரைக்கும் போயி, மழ பிடிச்சுக்கிட்டுச்சுன்னு திரும்பி வந்தாரு.

தைப்பூசத்துக்குத் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு வந்த கூட்டத்துலேருந்து சின்னம்மான்னு ஒரு பொம்பள எங்க வாசலத் தேடி வந்தா. "மூட்டை எண்ணுற பக்கிரிசாமி அண்ணன் வீடு இதானே?"ன்னா. "நான் அஞ்சலைக்கு அடுத்த லயத்துல இருக்கேன்"ன்னு சொன்னவ, அழுதுட்டா. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

பொங்கல் கழிஞ்சு மூணாம் நாள் பிரசவத்துல தாயும் பிள்ளையும் போயிட்டாங்க. தாசேக் கெலுகோர் பாசார்லேருந்து ரெண்டு மைல் உள்ள இருக்கு அந்தத் தோட்டம்.

இவரப் பாத்து சின்னம்மா சொன்னா: "அண்ணே, மாசமா இருக்கிறத உங்ககிட்டதான் மொதல்ல சொன்னாளாம். 'இன்ன தோட்டத்துக்குப் போறோம்ணே, இவரு அடி தாங்க முடியல, ஏழாம் மாசம் வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க'ன்னு மூணு தடவ கேட்டாளாம். மூணு தடவயும் நீங்க தலையாட்டினீங்களாம். கார்த்திகையிலேருந்து ஞாயித்துக்கெழமையானா சீலை மாத்திக்கிட்டு, துணிய மூட்டை கட்டி வெச்சுக்கிட்டு ரோட்ட பாத்து உக்காந்திருப்பா. தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியச் சொல்லி ஒரு கடுதாசி போடட்டுமாடின்னு கேட்டேன். 'எதுக்குக்கா? ஒரு மூட்டை தப்பாத மனுசன், தங்கச்சிய மறப்பாரா?'ன்னுட்டா."

இவரு அழவே இல்ல. "இன்னொரு தடவ சொல்லும்மா"ன்னாரு. அவ சொன்னா. "இன்னொரு தடவ"ன்னாரு. நான்தான் பொறுக்க மாட்டாம அவ வாயப் பொத்தினேன்.

அதுக்கப்புறம் அவரால எண்ண முடியல. துறைமுகத்துல நாள் பூரா யாராவது யாரையாவது 'அண்ணே'ம்பாங்க. உடனே திரும்பிடுவாரு. கணக்கு போச்சு. சிந்தின அரிசியக் கூட்டுற வேலையக் கொடுத்தாங்க, அதத்தான் எட்டு வருசம் பாத்தாரு. போன ஐப்பசியில அவரும் போயிட்டாரு. அந்த எட்டு வருசத்துல எத்தன தடவ 'பாவி மனுசா, தலையாட்டிக் கொன்னுட்டியே'ன்னு நான் திட்டியிருப்பேன்! ஒரு தடவகூட எதிர்த்துப் பேசல.

இப்ப ஒண்ணு சொல்றேன், இது வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குக் காலையில, துறைமுகத்துக்குப் போறதுக்கு முந்தி அஞ்சலை என் வாசல்லதான் வந்து நின்னா. "அண்ணி, ஒரு விசயம் சொல்லணும்"னா. நான் குனிஞ்சு மீன் ஆஞ்சுக்கிட்டிருந்தேன். தலையத் தூக்கிப் பாத்திருந்தா அவ கெளம்பி நிக்கிறது தெரிஞ்சிருக்கும். பாக்கல. "எனக்கு ஆயிரம் வேல கெடக்கு, உங்க அண்ணன்கிட்டப் போயிச் சொல்லு. அவருதான் ஒண்ணு விடாம ஞாபகம் வெச்சுக்குவாரு"ன்னேன். சரிங்க அண்ணின்னுட்டுப் போனா.

அவரு சாகுற வரைக்கும் இத நான் அவருகிட்ட சொல்லவே இல்ல.