கதிரைக்குப் பக்கத்தில் நின்ற இளவரசி

மொன்றியல் அருங்காட்சியகத்தில் பழைய ஸ்பானிய இளவரசி ஒருத்தியின் ஓவியம் இருந்தது. வியன்னாவில் அவளுக்கு நிச்சயித்திருந்த மன்னனுக்கு, அவள் வளர வளரப் படம் வரைந்து அனுப்பினார்களாம். ஓவியத்தில் அவள் ஒரு கதிரையின் முதுகுச் சாய்மானத்தில் கை வைத்து நின்றாள். உயரம் காட்டத்தான் என்று எனக்குப் பட்டது.

என் கணவரைக் கனடாவுக்கு அழைக்க நாங்கள் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பத்தை எந்த மகாராசா மேசையில் வைத்துக்கொண்டு தூங்குகிறாரோ! யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் அவருக்கு வீடியோவில் மகளின் முகம் தெரியும், உயரம் தெரியாது. அன்றே அவளைச் சமையலறைக் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்து அனுப்பினேன். பிறகு மாதாமாதம் அதே கதிரைதான்.

போன கிழமை அவர் சொன்னார்: "அதே அளவிலை ஒரு கதிரை வாங்கி வைச்சிருக்கிறன். பக்கத்திலை நிண்டு கையாலை அளந்து பாத்தன். பிள்ளை இப்ப என்ரை நெஞ்சுக்கு வந்திட்டாள்."