நின்றுகொண்டு கிழங்கு உரித்த நாள்

ஜவ்வரிசி மில்லில் கிழங்கு உரிக்கிற நாங்கள் எல்லாரும் தரையில் குந்தித்தான் உரிப்போம். அன்றைக்கு நான் மட்டும் நின்றுகொண்டு உரித்தேன்.

பக்கத்தில் உரிக்கும் அக்கா பார்த்தாள்.

"ஏம்புள்ள, மகாராணிக்குத் தரையில உக்கார ஆகாதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

என் முகத்தைப் பார்த்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். என்னைக் குழாயடிக்குக் கூட்டிப் போனாள்.

"எவன் அவன்?" என்றாள்.

முந்தின நாள் ஒருவன் என்னைப் பலவந்தம் செய்திருந்தான். யாரென்று பிறகு கோர்ட்டில் சொல்லிவிட்டேன். இங்கே வேண்டாம்.

"ரத்தம் நிக்கலக்கா" என்றேன்.

"வா, ஆஸ்பத்திரிக்கு."

"குளிச்சுட்டனே. சீலையையும் தொவச்சுட்டேன். இனி என்னத்தப் பாப்பாங்க?"

"வைத்தியம் உனக்கா, சீலைக்கா?"

பஸ்ஸில் சீட் காலியாக இருந்தது. நான் நின்றேன். அவளும் கூடவே நின்று வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. என்னைவிடச் சின்ன வயது.

"போலீசுக்குப் போனாத்தான் பாப்பீங்களாங்க?" என்று கேட்டேன்.

"காயத்தை முதல்ல பாக்கறேங்க. புகார் கொடுக்கறது உங்க இஷ்டம்."

குளித்ததைச் சொன்னேன். "பரவால்லைங்க. சீக்கிரமா வந்துட்டீங்க. மாத்திரை கேக்கும்" என்றாள்.

திரை போட்டார்கள். அக்கா தலைமாட்டில் நின்றாள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும், "தொடலாமுங்களா?" என்று கேட்டாள். ஒரு தடவை வேண்டாம் என்றேன். உடனே கையை எடுத்துவிட்டாள். முகம் சுளிக்கவில்லை. சும்மா நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து நானே, "பாருங்க" என்றேன்.

மூன்று தையல். ஒரு ஊசி. கரு தங்காமலிருக்க மாத்திரை. நோய் வராமலிருக்க இருபத்தெட்டு நாளைக்கு வேறு மாத்திரை. அது குமட்டும். தினமும் மில் கேட்டில், "முழுங்குனியா?" என்பாள் அக்கா. தலையாட்டினால் போதாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு நாள் புகார் கொடுத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மாத்திரை தீர்ந்த வாரம் மில்லில் மெல்லக் குந்திப் பார்த்தேன். சுருக்கென்றது. எழுந்திருக்கவில்லை. பிறகு அடங்கிவிட்டது.

அக்கா கிழங்குக் கூடையை என் பக்கம் தள்ளினாள்.

"மகாராணி எறங்கி வந்துட்டாங்க. ம், உரிங்க."

இந்தத் தடவை சிரிப்பு வந்தது. மதியத்துக்குள் அவளைவிட ஒரு கூடை அதிகமாக உரித்தேன்.