எனக்குத் தெரியாத கன்னடம்

ஓசூரில் எங்கள் அறைக்கொடியில் ஒரு நீலச் சட்டை காயும். எங்கள் கம்பெனியில் பெர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலம், டிரெயினிகளுக்குச் சாம்பல். நீலம் என் அறைத்தோழன் மஞ்சுநாத்துடையது. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். டிப்ளமோவில் என் மார்க்தான் அதிகம். அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்னைப் போல மனநோயோடு போராடுகிறவர்களுக்காக எழுதுவதால் இதை மறைக்கவில்லை.

மஞ்சு செல்போனில் வீட்டாரோடு கன்னடத்தில் பேசுவான். நான் சிங்காரப்பேட்டைக்காரன், "ஊட்டா ஆய்தா" என்று சாப்பாடு விசாரிப்பதைத் தாண்டி எனக்குக் கன்னடம் வராது. தூக்கம் கெட்ட அந்த வாரங்களில், என்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று தோன்றியது. பிறகு அவன் ஷிப்டுக்குப் போன பின்பும் அந்தக் கன்னடம் அறையில் கேட்டது. எனக்கு வந்த பெர்மனென்ட் ஆர்டரை அவன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதாக அந்தக் குரல் சொன்னது. ஒரு காலையில், சட்டைப்பையில் தைத்திருந்த அவன் பெயரை பிளேடால் அறுத்தெடுத்தேன்.

மஞ்சு சண்டை போடவில்லை. என் அம்மாவுக்குப் போன் செய்து வரவழைத்தான். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தான். அந்த நல்ல மனசின் மீதும் பொறாமைப்பட்டேன்.

"குரல் எந்த பாஷையில பேசுது?" என்று மருத்துவர் கேட்டார்.

"கன்னடம், மேடம்."

"உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி எல்லாம் புரிஞ்சுது?"

மருத்துவர் மஞ்சுவைக் கன்னடத்தில் ஏதாவது பேசச் சொன்னார். அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை.

"என்னடா சொன்ன?"

"அடுத்த சட்டையில பேரைப் பெருசா தெச்சுக்கறேன், நீ அறுக்க வசதியா இருக்கும்னு சொன்னேன் மச்சி."

மருத்துவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியால் குரல் நின்றுவிடவில்லை. எனக்கு வந்திருப்பது மனச்சிதைவு என்றார். ஹாலுசினேஷன் (யாரும் பேசாமலே குரல் கேட்பது), டெலுஷன் (ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை) இரண்டும் இருந்தன.

அம்மா கேட்டாள்: "எங்க வம்சத்துலயே இவன் ஒருத்தன்தாங்க படிச்சவன். படிக்க வெச்சதாலதான் வந்துச்சுங்களா?"

"இல்லம்மா. மூளையில நடக்கற ரசாயன மாற்றம், பரம்பரை, மன அழுத்தம்னு பலதும் சேர்ந்து வரும். இதுதான்னு ஒண்ணைக் காட்ட முடியாது. உங்க தப்பு எதுவும் இல்ல."

அம்மா அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மாத்திரையில் கை நடுங்கியது, உடம்பு பருத்தது. நானாக ஒருமுறை நிறுத்தியதும் குரல் திரும்பி வந்தது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சில மாதங்களில் குரல் தேய்ந்து ஓய்ந்தது. பொறாமை மட்டும் ஓயவில்லை. நோய்தானோ என்று பயந்து மருத்துவரிடம் சொன்னேன்.

"அதுக்கு மாத்திரை இல்லப்பா. எனக்கே இருக்கு" என்றார்.

மறுபடி வேலைக்குப் போகிறேன், அதே சாம்பல் சட்டையில். மஞ்சு போனில் பேசுகிறான். எனக்கு ஒன்றும் புரிவதில்லை. புரியாதது இவ்வளவு நிம்மதியா! மஞ்சு தன் நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. இப்போது அந்தப் பொறாமை தமிழில், என் குரலிலேயே பேசுகிறது. சட்டை காய்வதற்குள் அடங்கியும் விடுகிறது.