பந்து போன பக்கம்

ஆக்லாந்தில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த எங்கள் மகனை, உடம்பைப் பார்த்தே ஓர் அமெரிக்கக் கல்லூரி செலவு கொடுத்து அழைத்துக்கொண்டது. பந்தைக் கையால் எறிந்து ஆடும் அந்த நாட்டுக் கால்பந்தில் அவன் முன்வரிசைக்காரன். பந்தை எறிபவனை எதிரணி நெருங்காதபடி குறுக்கே நின்று இடிபடுவதுதான் வேலை. படிப்பு முடிந்ததும் சம்பளத்துக்கு ஆடும் அணியொன்று அவனை எடுத்தது. அவன் கல்லூரியில் ஆடத் தொடங்கியதிலிருந்தே எனக்குப் பயம்.

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நண்பர் கேட்டார்.

"மகன் எத்தினை கோல் அடிச்சவர்?"

"அவன் பந்தைத் தொடுறதில்லை."

"தொடாமலே சம்பளமோ? அண்ணை, எனக்கும் அப்பிடியொரு வேலை பாத்துத் தாங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

முதல் பருவம் முடியுமுன்பே ஓர் ஆட்டத்தில் அவனுடைய வலது முழங்கால் போய்விட்டது. "ஐ ஆம் ஓகே, அப்பா," என்றான் தொலைபேசியில். அறுவைச் சிகிச்சை செய்தால் மறுபடி ஆடலாம் என்று பயிற்சியாளர் சொன்னாராம். அந்த ஆட்டத்தின் வீடியோவை அவனுடைய அறைத் தோழன் அனுப்பியிருந்தான். அமெரிக்க வீடியோ நாடாவின் பதிவு முறை வேறு, எங்கள் இயந்திரத்தில் ஓடவில்லை. நியூ லின்னில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி எடுத்துவந்தோம்.

மகன் குனிந்து நின்றான். எதிரே நின்றவர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். அவனுக்குப் பின்னால் நின்றவன் பந்தை எறிந்தான். கமரா பந்தோடு மைதானத்தின் மறுமுனைக்குப் போய்விட்டது. அங்கே கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள்.

"பிள்ளை எங்கை?" என்றாள் மனைவி. "திருப்பிப் போடுங்கோ."

திருப்பித் திருப்பிப் போட்டேன். அவன் விழுந்தது அதில் இல்லை. வர்ணனையாளர் எறிந்தவன் பெயரைச் சொன்னார், பிடித்தவன் பெயரைச் சொன்னார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கால் சரியாக மடங்கவில்லை. அணி அவனை விட்டுவிட்டது. அந்த இடத்தில் நிறுத்த அவர்களுக்கு வேறோர் உடம்பு கிடைத்திருக்கும். ஊன்றுகோலோடு மாசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். படியேறும்போது பிடிக்கப் போனேன். ஆட்டத்துக்காகத் தீனி போட்டு அவன் உடம்பில் அவர்கள் ஏற்றிவிட்ட பாரத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அந்த வீடியோவைப் போடச் சொன்னான். பந்து கையை விட்டுப் போகுமுன் படத்தை நிறுத்தினான். எறிபவன் கையை ஓங்கியபடி, சட்டை கசங்காமல் நின்றான். மகன் அவனைத்தான் சுட்டிக் காட்டினான்.

"ஒருத்தரும் அவனைத் தொடேல்லை, அப்பா."

எங்களோடு ஆங்கிலத்திலேயே கதைப்பவன், இதைத் தமிழில் சொன்னான். அவன் முகத்தில் பெருமை இருந்தது. அதை அவனுக்குப் பழக்கியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மனைவி திரையைப் பார்க்கவில்லை. அவன் முழங்காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.